போய்வந்தவர்கள் வழிகாட்டுவது எப்படி? பரிமாற்றத் திட்டத்தின் முன்னாள் பங்கேற்பாளர்களும் இளம் சமூகத் தலைவர்களும்

ஒரு நாட்டவர் வேறொரு நாட்டுக்குப் போய், சில வாரங்களோ ஓராண்டோ தங்கி, படித்தோ பணிபுரிந்தோ, அங்குள்ளவர்களோடு பழகித் திரும்புவதற்கான ஏற்பாடுதான் பரிமாற்றத் திட்டம். செலவைப் பெரும்பாலும் அரசோ அறக்கட்டளையோ ஏற்கும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டம் 1946இல் தொடங்கியது. பிரிட்டனின் செவனிங் 1983இல் வந்தது, ஐரோப்பிய மாணவர்களுக்கான எராஸ்மஸ் 1987இல். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்கள் ஒரு கல்வியாண்டு அமெரிக்கக் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் கென்னடி–லூகர் 'யெஸ்' திட்டம் 2002இல் உருவானது. சமூகப் பணியில் இறங்கிய இளைஞர்களை மனத்தில் வைத்து, தென்கிழக்கு ஆசியாவுக்காக அமெரிக்காவின் 'ஒய்சீலி' திட்டம் 2013இலும், ஆப்பிரிக்காவுக்காக அதே நாட்டின் மண்டேலா வாஷிங்டன் ஃபெலோஷிப் 2014இலும் தொடங்கப்பட்டன.

திட்டத்தில் பங்கேற்றுத் திரும்பியவர்களை அலம்னை என்று அழைப்பது வழக்கம். இங்கே சுருக்கமாகப் போய்வந்தவர்கள் என்போம். பல திட்டங்கள் பங்கேற்பாளர் தம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. செவனிங் உதவித்தொகை பெற்றவர் படிப்பு முடிந்ததும் குறைந்தது 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவில் சென்றவர்களில் ஒரு பகுதியினருக்கும் இதே 2 ஆண்டு விதி உண்டு. கற்றது ஊருக்குப் பயன்பட வேண்டும் என்பது இந்த நிபந்தனையின் நோக்கம். ஆனால் எப்படிப் பயன்பட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லித்தருவதில்லை. போய்வந்தவர் ஓர் இளம் சமூகத் தலைவருக்கு வழிகாட்டியாக இருப்பது அதற்குக் கிடைத்துள்ள நல்ல விடைகளில் ஒன்று.

இளம் சமூகத் தலைவர் என்றதும் பதவியில் இருப்பவரைத் தேட வேண்டாம். தம் பகுதியில் ஒரு குறையைக் கண்டு, அதைச் சரிசெய்ய நாலு பேரைச் சேர்க்க முயல்கிறவர் எவரும் அந்தப் பெயருக்கு உரியவர்தான். பெரும்பாலும் 16 முதல் 30 வயதுக்குள் இருப்பார். பள்ளியில் படிப்பவராக இருக்கலாம், வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் குழு நடத்துபவராகவும் இருக்கலாம். ஆர்வம் நிறைய இருக்கும். யாரிடம் போய்ப் பேசுவது, எதை முதலில் செய்வது, பணத்தை எப்படிக் கணக்கு வைப்பது என்பதில்தான் தடுமாறுவார்.

வழிகாட்டியின் வேலை எது, எது அல்ல

பயிற்சியாளர் ஒரு திறனைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மேலாளர் வேலையைப் பிரித்துக்கொடுத்து முடிவைக் கேட்பார். நன்கொடையாளர் பணம் தருவார், அறிக்கை கேட்பார். வழிகாட்டி இந்த மூவரில் எவரும் அல்ல. இளையவர் எடுக்க வேண்டிய முடிவை அவரே நன்றாக எடுக்கத் துணை நிற்பதுதான் வழிகாட்டியின் வேலை. அதற்கு அவர் மூன்று காரியங்கள் செய்கிறார்: சரியான கேள்வி கேட்கிறார், தேவையான ஆளிடம் அறிமுகப்படுத்துகிறார், சொன்னதைச் செய்தாயா என்று அடுத்த சந்திப்பில் மறக்காமல் விசாரிக்கிறார். மூன்றாவதுதான் மிகவும் எளிமையாகத் தெரியும், ஆனால் பெரும்பாலான வழிகாட்டிகள் தவறவிடுவதும் அதையே.

இதற்குப் போய்வந்தவர் ஏன் பொருத்தம்? வெளிநாடு பார்த்தவர் என்பதால் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை. திரும்பி வந்தபின் அவர் பட்ட பாடுதான் உண்மையான தகுதி. நார்வேயின் சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று வந்த நார்வே ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களை ஆராய்ந்து 1955இல் தம் முடிவை வெளியிட்டார். வெளிநாட்டு வாழ்வு தொடக்கத்தில் உற்சாகமாகவும், நடுவில் சோர்வாகவும், பிறகு மெல்லத் தெளிவாகவும் வளைந்து செல்கிறது என்பது அவர் கண்டது. ஊர் திரும்பியபின் அதே வளைவு இன்னொரு முறை வருகிறது என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் இணையர் 1963இல் அதை நீட்டினார்கள். போய்வந்தவர்கள் பலருக்கு இது ஆய்வாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே கற்ற யோசனையோடு உற்சாகமாக இறங்குவார்கள். 'இங்கே அதெல்லாம் நடக்காது' என்று கேட்டுச் சோர்வார்கள். பிறகு எதை விடுவது, எதை மாற்றுவது, யாரைக் கேட்டுத் தொடங்குவது என்று பழகுவார்கள். ஒரு யோசனையை ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் இளையவருக்குக் கைமாற வேண்டிய பொருள்.

இதிலிருந்து நடைமுறை விதி ஒன்று பிறக்கிறது. திரும்பி 6 மாதம்கூட ஆகாதவரை உடனே வழிகாட்டியாக அமர்த்த வேண்டாம். அவரே இன்னும் அந்த இரண்டாவது வளைவின் நடுவில் இருக்கலாம். 'அங்கே இப்படிச் செய்வார்கள்' என்ற வாக்கியம் ஒவ்வொரு சந்திப்பிலும் தலைகாட்டும். அவருக்கு வேறு பொறுப்பு கொடுங்கள்: ஒரு பட்டறை நடத்தலாம், விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கலாம். ஓராண்டு கழித்து வழிகாட்டியாக வரட்டும்.

தொடங்கும் முறை

முதல் முறை 8 முதல் 10 இணைகள் போதும். ஓர் இணை என்றால் ஒரு வழிகாட்டி, ஓர் இளையவர். ஒரு வழிகாட்டிக்கு இருவரைக் கொடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது இளையவர் வந்ததும் உரையாடல் வகுப்பாக மாறிவிடும். எல்லா இணைகளையும் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் தேவை. வாரத்துக்கு 4, 5 மணி நேரம் ஒதுக்கக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்று தொடங்கும் போய்வந்தவர்களின் சங்கங்களில் இரண்டாவது மாதமே யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

காலம் 9 மாதத்திலிருந்து ஓராண்டு. இதைக் குறைக்காதீர்கள். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வளரிளம் பருவத்தினருக்கான வழிகாட்டுதலைப் பற்றி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த உறவுகளில்தான் அதிக நன்மை தெரிந்தது. 3 மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தே போனது. அதாவது பாதியில் விட்டுப் போகும் வழிகாட்டி, வழிகாட்டி இல்லாத நிலையைவிட மோசமான நிலையை உண்டாக்கக்கூடும். அதனால் வழிகாட்டியிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய சாதனைப் பட்டியல் அல்ல. அடுத்த 9 மாதத்தில் வேலை மாற்றம், மேற்படிப்பு, இடம்பெயர்வு, பிரசவம், தேர்வு என்று எதுவும் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம், அதில் இழிவு ஒன்றுமில்லை.

இரு தரப்பிடமும் அரைப் பக்க விண்ணப்பம் வாங்கினால் போதும். இளையவர் எழுத வேண்டியது: எந்தக் குறையைச் சரிசெய்ய நினைக்கிறார், இதுவரை என்ன செய்திருக்கிறார், எங்கே தடுக்கிறது, எந்த நாளில் எந்த நேரம் கிடைக்கும். வழிகாட்டி எழுத வேண்டியது: திரும்பி வந்தபின் ஊரில் என்ன முயன்றார், எது நடக்கவில்லை, ஏன், எந்த நேரம் கிடைக்கும். 'எது நடக்கவில்லை' என்ற கேள்விக்கு வெற்றிடம் விடுபவரைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும்.

இணை சேர்க்கும்போது பலரும் செய்யும் பிழை, ஒரே துறையைத் தேடுவது. சுற்றுச்சூழல் வேலை செய்யும் இளையவருக்குச் சுற்றுச்சூழல் படித்தவரே வேண்டும் என்பதில்லை. துறை அறிவு வேண்டுமானால் ஒரு மணி நேர அறிமுகச் சந்திப்பில் வேறொருவரிடம் பெறலாம். பேசும் மொழி, கிடைக்கும் நேரம், போய்ச் சேரக்கூடிய தூரம், வேலையின் தன்மை ஆகியவற்றை முதலில் பாருங்கள். வேலையின் தன்மை என்பது அதிகாரிகளோடு பேச வேண்டிய வேலையா, தன்னார்வலர்களைத் திரட்டும் வேலையா, பொருள் திரட்டும் வேலையா என்பது. இளையவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியிலேயே சந்திப்பு நடக்க வேண்டும். பரிமாற்றத் திட்டங்களுக்குத் தேர்வாகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கைவந்தவர்கள். அந்த வசதியோடு அவர்கள் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், கேள்வி கேட்க மாட்டார்.

வழிகாட்டிகளுக்கு முன்கூட்டியே 4 முதல் 6 மணி நேரப் பயிற்சி தேவை, இரண்டு அமர்வாக. சொற்பொழிவு வேண்டாம். மூவர் மூவராக உட்காரவைத்து, ஒருவர் தம் உண்மையான சிக்கலைச் சொல்ல, இன்னொருவர் 10 நிமிடம் கேள்வி மட்டுமே கேட்க, மூன்றாமவர் எத்தனை முறை அறிவுரை நுழைந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். தான் எவ்வளவு அறிவுரை சொல்கிறோம் என்பதை அந்தத் தாளில் பார்க்கும்வரை யாரும் நம்புவதில்லை.

ஒரு பக்க ஒப்பந்தம்

முதல் சந்திப்பில் ஒருங்கிணைப்பாளரும் உடனிருக்க வேண்டும். அங்கேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டியவை: எத்தனை நாளுக்கு ஒரு சந்திப்பு, நேரிலா தொலைபேசியிலா, இரவு எத்தனை மணிக்கு மேல் செய்தி அனுப்பக் கூடாது, பேசியதில் எதை வெளியே சொல்லலாம், ஒத்துவரவில்லை என்றால் யாரிடம் சொல்வது. கூடவே மூன்று தெளிவான மறுப்புகளும் இடம்பெற வேண்டும். வழிகாட்டி பணம் தர மாட்டார். பரிமாற்றத் திட்டத்தில் இடம் வாங்கித் தர மாட்டார். இளையவரின் பெயரில் எதையும் எழுதி அனுப்ப மாட்டார்.

இரண்டாவது மறுப்பு மிக முக்கியம். பல இளையவர்கள் வழிகாட்டியை வெளிநாட்டுக்கான வாசலாகவே பார்ப்பார்கள். அதில் தவறில்லை, அவர்கள் வயதில் யாருக்கும் தோன்றும் ஆசைதான். அதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிட்டால் உறவு சீராக இருக்கும். பரிந்துரைக் கடிதம் கேட்டால் 6 மாதம் ஒன்றாக வேலை செய்தபின் நேரில் கண்டதை மட்டும் எழுதித் தருவேன் என்று சொல்லிவிடுவது நேர்மை.

18 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் விதிகள் இறுக வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், மற்றவர் பார்வையில் படும் இடத்தில் மட்டும் சந்திப்பு, தானாக அழிந்துபோகும் செய்திகளுக்குத் தடை, ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்கவோ பகிரவோ தடை, கவலை எழுந்தால் அழைக்க ஒருங்கிணைப்பாளரின் எண். 'நமக்குள் எல்லாம் தெரிந்தவர்கள்தானே' என்று இதைத் தளர்த்தாதீர்கள். நல்ல எண்ணம் உள்ளவரை இந்த விதிகள் எதுவும் தடுக்கப்போவதில்லை.

சந்திப்பு எப்படி நடக்கும்

முதல் 3 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. ஒவ்வொன்றும் 60 நிமிடம். முதல் 10 நிமிடம், சென்ற முறை சொன்னவற்றில் எது நடந்தது என்பதற்கு. அடுத்த 35 நிமிடம், இளையவர் கொண்டுவரும் ஒரே ஒரு விஷயத்துக்கு. பிறகு 10 நிமிடம், அடுத்த படி என்ன, எந்தத் தேதிக்குள், யார் உதவியோடு என்பதற்கு. மீதி 5 நிமிடத்தில் இளையவரே அதை மூன்று வரியில் எழுதி அனுப்புகிறார். எழுதுவது வழிகாட்டியாக இருந்தால் திட்டமும் மெல்ல வழிகாட்டியுடையதாகிவிடும். பேச்சில் வழிகாட்டியின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்த்தால் விளங்கும். பள்ளி விட்டபின் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் அறை திறக்க வேண்டும் என்று ஓர் இளம்பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையில் வரவுசெலவுத் திட்டம்கூட இருக்கிறது: மேசை, நாற்காலி, புத்தகம், வாடகை. இங்கே வழிகாட்டிக்கு எழும் முதல் ஆசை, பணம் எங்கே கிடைக்கும் என்று சொல்வது. அதை அடக்கிக்கொண்டு, முதல் மாதம் முழுவதும் திட்டத்தை மூடி வைக்கச் சொல்ல வேண்டும். 10 முதல் 15 பேரிடம் போய்ப் பேசி வரட்டும்: பிள்ளைகள், தாய்மார்கள், ஆசிரியர்கள், ஏற்கெனவே இப்படி ஒன்றை முயன்று நிறுத்தியவர். கேட்க வேண்டியது 'படிப்பறை வேண்டுமா' என்பதை அல்ல, அதற்கு எல்லாரும் ஆம் என்பார்கள். 'நேற்றுப் பள்ளி விட்டதும் என்ன செய்தாய், யார் வீட்டில் இருந்தார்கள், எத்தனை மணிக்குப் புத்தகத்தைத் திறந்தாய்' என்று நடந்ததைக் கேட்க வேண்டும்.

பேசித் திரும்பியதும் அவளுக்கு வேறு படம் தெரியக்கூடும். பிள்ளைகளுக்கு இடம் இல்லாதது சிக்கல் அல்ல. பெரிய பெண் பிள்ளைகள் அந்த நேரத்தில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், அறை திறந்தாலும் வர முடியாது. இப்போது சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்ல வேண்டும்: யாருக்கு, எப்போது, என்ன முடியவில்லை, எதனால். அந்த வாக்கியத்தில் 'விழிப்புணர்வு இல்லை' என்ற சொற்கள் வந்தால் இன்னும் பேச வேண்டிய ஆட்கள் மீதம் இருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது 4 முதல் 6 வாரச் சோதனை. ஏறக்குறையச் செலவே இல்லாமல் நடக்க வேண்டும். வாடகைக்கு அறை எடுக்காமல், ஏற்கெனவே மாலையில் காலியாக இருக்கும் ஓர் இடத்தில், வாரம் இரண்டு நாள், சின்னப் பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்ற ஏற்பாட்டோடு. சின்னவர்களைக் கவனிக்க ஒரு தன்னார்வலர், படிப்பவர்களுக்கு ஒரு தன்னார்வலர். முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்பது பெரிதல்ல. நான்காம் வாரம் மீண்டும் வந்தவர்கள் யார், வராமல் போனவர்கள் யார், ஏன் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்பதில்தான் பாதிக் கல்வி இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் பணம் பற்றிய பேச்சு. அப்போது விண்ணப்பத்தில் எழுத அவளிடம் கண்டறிந்த உண்மைகள் இருக்கும். வரவுசெலவுத் திட்டத்தில் புதியவர்கள் மறப்பவை போக்குவரத்து, நகலெடுப்பு, தன்னார்வலர்களுக்கான சிற்றுண்டி, வங்கிக் கட்டணம். மொத்தத்தில் 10 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கலாம், நிதி தருபவர் அதை ஏற்கிறாரா என்று முதலில் விதிமுறையைப் படித்துவிட்டு. காசோலையிலோ கணக்கிலோ ஒருவர் மட்டும் கையெழுத்திடும் ஏற்பாடு வேண்டாம், இருவர் தேவை. போய்வந்தவர்களுக்கென்றே நிதி தரும் ஏற்பாடுகளும் இருந்திருக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை 2011இல் தொடங்கிய அலம்னை புதுமை நிதிக்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது, முன்னாள் பங்கேற்பாளர்கள் குறைந்தது இருவர் குழுவாகச் சேர வேண்டும். நல்ல விதி அது. அத்தகைய நிதிக்கு வழிகாட்டிகள் விண்ணப்பிக்கும்போது இளையவரின் வேலையைத் தங்கள் திட்டமாக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் பெயர் முதலில் வரும், பணத்தை யார் கையாள்வார் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது

மூன்றாம் மாதம்தான் ஆபத்தான காலம். தொடக்க உற்சாகம் வடிந்திருக்கும், பலன் இன்னும் வந்திருக்காது. ஒரு சந்திப்பு தள்ளிப்போகும், அடுத்ததும் தள்ளிப்போகும். இளையவர் தன்மேல்தான் தவறு என்று எண்ணி அழைக்க மாட்டார். வழிகாட்டியோ, அவளுக்குத் தேவைப்பட்டால் அழைப்பாள் என்று இருந்துவிடுவார். இரண்டு சந்திப்பு தொடர்ந்து நடக்கவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளர் அந்த வாரமே இருவரையும் தனித்தனியே அழைக்க வேண்டும். இந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பல இணைகளைக் காப்பாற்றலாம். பொருந்தவே இல்லை என்று தெரிந்தால் குற்றம் சொல்லாமல் வேறு வழிகாட்டியை மாற்றித் தர வேண்டும்.

வழிகாட்டியே வேலையை எடுத்துக்கொள்வது இன்னொரு சிக்கல். அதிகாரியை இவரே அழைப்பார், கடிதத்தை இவரே திருத்தி எழுதுவார், கூட்டத்தில் இவரே பேசுவார். எல்லாம் அன்பினால்தான். ஆறு மாதம் கழித்து ஊர் வழிகாட்டியைத்தான் தேடும், இளையவரை அல்ல. அதிகாரியைச் சந்திக்கப் போகும்போது வழிகாட்டி உடன்போகலாம், முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் இளையவரே பேச வேண்டும்.

தனித்து ஓடும் இளையவர்களும் உண்டு. எல்லா வேலையும் தன் தலையில். இவரைப் பாராட்டாதீர்கள். 'நீ இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால் இது நடக்குமா' என்று கேளுங்கள். நடக்காது என்றால் அடுத்த சந்திப்புக்குள் ஒரு பொறுப்பை, சாவியோடும் கணக்கோடும், வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.

சில சூழல்களில் வெளிநாட்டுத் திட்டத்தின் பெயரே இளையவருக்குச் சுமையாகும். யார் தூண்டிவிட்டார்கள், எங்கிருந்து பணம் வருகிறது என்ற சந்தேகம் எழும். திட்டத்தின் சின்னம் பொறித்த பதாகை, குழுப்படம், சமூக ஊடகப் பதிவு ஆகியவற்றை முடிவு செய்யும் உரிமை இளையவருக்கே இருக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தெருவில் நாளையும் இருக்கப்போவது அவர்தான். பணம் வந்த வழியை மறைக்கவும் கூடாது. கேட்பவருக்குக் காட்ட ஒரு பக்கக் கணக்கு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

பலனை எப்படிப் பார்ப்பது

கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அறிக்கைக்கு அழகாக இருக்கும், வழிகாட்டுதலைப் பற்றி எதுவும் சொல்லாது. தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று முறை இளையவரிடம் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். உன்னைத் தவிர எத்தனை பேர் இந்த வேலையை நடத்த முடியும்? கடந்த மாதம் வழிகாட்டியைக் கேட்காமல் நீயே எடுத்த முடிவு எது? உதவிக்கு நேரடியாக அழைக்கக்கூடியவர்கள் யார் யார்? மூன்றாவது கேள்விக்கான பட்டியல் நீள வேண்டும், அதில் வழிகாட்டியின் பெயர் மெல்லக் கீழே போக வேண்டும். முடிந்து 6 மாதம் கழித்து இன்னொரு முறையும் கேட்டால்தான் எது நிலைத்தது என்று தெரியும்.

முடிப்பதையும் திட்டமிட வேண்டும். கடைசிக்கு முந்தைய சந்திப்பிலேயே இன்னும் ஒன்றுதான் மீதம் என்று சொல்லி, எந்தக் கோப்பு யாரிடம், எந்தத் தொடர்பு யார் வழியாக என்று எழுதி ஒப்படைக்க வேண்டும். கடைசிச் சந்திப்பில் இருவரும் ஒருவருக்கொருவர் எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்லட்டும். வழிகாட்டிக்கு வரும் விமர்சனத்தை ஒருங்கிணைப்பாளர் அடுத்த சுற்றின் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். பிறகு அழைக்கலாமா, எவ்வளவு அடிக்கடி என்பதையும் தெளிவாகப் பேசிவிடுவது நல்லது.

முடித்த இளையவரை மறுநாளே வழிகாட்டியாக்கும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. ஒரு சுற்று பொறுங்கள். முதலில் அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரோடு துணை வழிகாட்டியாக 3 மாதம் உட்காரட்டும், கேள்வி கேட்கும் பயிற்சியை மற்றவர்களோடு சேர்ந்து எடுக்கட்டும். அதன்பின் அவருக்குத் தனியாக ஓர் இளையவரைக் கொடுக்கலாம். அவர் எந்த நாட்டுக்கும் போய்வந்தவராக இல்லாமல் இருக்கலாம், அது தடையே அல்ல.